வுல்ஃப்ராம் ஆல்ஃபா பாத்தாச்சா? முதல் அபிப்ராயம் சொல்லுங்க மக்கா

வேளிமலைக்காரன்
17 மே 2009, காலை 8:12

நேத்து ஊரே ஓட்டு எண்ணிக்கைக்கு டிவி முன்னால இருந்தப்ப அந்தப் பக்கம் இன்னொரு சமாச்சாரமும் நடந்துச்சு, நம்ம ஆளுங்க யாரும் கவனிச்ச மாதிரி தெரியல. வுல்ஃப்ராம் ஆல்ஃபானு, கேள்வி கேட்டா பதில் சொல்லுற ஒரு வெப்சைட்ட தொறந்து விட்டுட்டாங்க. அமெரிக்காவுல வெள்ளிக்கிழம ராத்திரி, நமக்கு சனிக்கிழம விடியக்காலம். முறைப்படி தொடக்கம் நாளைக்கு திங்கக்கிழமதான், ஆனா இப்பவே யாரு வேணாலும் போயி பாக்கலாம்.

எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு மேத்தமேட்டிக்கா தெரிஞ்சிருக்கும், 1988ல வந்த கணக்கு போடுற சாஃப்ட்வேர். அதச் செஞ்ச ஸ்டீபன் வுல்ஃப்ராம்தான் இதுக்கும் ஆளு. இருபது வயசுலயே பிஹெச்டி முடிச்ச மனுஷன். இல்லினாய்ஸ்ல ஷாம்பேன்னு ஒரு ஊருல அவங்க கம்பெனி இருக்கு, அங்க இருந்துதான் தொடக்கத்த நேரடியா நெட்ல காட்டினாங்க.

பேப்பர்ல எல்லாம் இத சர்ச் எஞ்சின்னு எழுதுறான். எனக்கு அது சரினு படல. கூகுள் என்ன செய்யும், நீங்க கேட்ட வார்த்த எந்தெந்த பக்கத்துல இருக்குனு தேடி லிஸ்ட்டு போடும், பதில் அந்தப் பக்கத்துக்குள்ள இருக்கா இல்லியானு நீங்க போயி பாத்துக்கணும். இது அப்படி இல்ல. கேள்விய புரிஞ்சுக்கிட்டு, தனக்கிட்ட இருக்குற பட்டியல்ல இருந்து எண்ண எடுத்து, கணக்கு போட்டு பதில சொல்லுது. வலைப்பக்கம் எதையும் தேடுறதே இல்ல. அதுக்குன்னு ஆள் வச்சு, சரி பாத்து, சேத்து வச்ச விவரம் மட்டும்தான்.

உதாரணத்துக்கு நவம்பர் 1 1956னு அடிச்சேன். நம்ம கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர் கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்த நாளு. வியாழக்கிழமைனு வந்துச்சு, இன்னையோட 19190 நாள் ஆச்சுனும் வந்துச்சு. அந்த நாளு எதுக்கு முக்கியம்னு அதுக்கு தெரியாது, அது வேற விஷயம். நாகர்கோவில் சன்ரைஸ்னு கேட்டா காலையில ஆறு மணிய ஒட்டி, சாயங்காலம் ஆறரைய ஒட்டி, பகல் மொத்தம் பன்னண்டரை மணிக்கூர்னு சொல்லுது. இத யாரும் எழுதி வச்சு அது எடுத்துக் குடுக்கல. நம்ம ஊரு அட்ச ரேக தீர்க்க ரேகய வச்சு அப்பம் அப்பம் போடுற கணக்கு. போன சித்ரா பௌர்ணமிக்கு சாயங்காலம் சூரியன் எறங்குற நேரத்தையும் சந்திரன் எழும்புற நேரத்தையும் கேட்டு பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம், கன்னியாகுமரி முக்கடல்ல நிக்குற கூட்டத்துக்கு காரணம் அந்த ரெண்டு வரியிலயே தெரியும்.

நீங்களும் போட்டுப் பாத்து என்ன வருதுனு எழுதுங்க.


மார்த்தாண்டம்_மக்கா
17 மே 2009, காலை 9:40

கொள்ளாம். போன வருஷம் ஜூலைல கூயில்னு ஒரு சர்ச் எஞ்சின் வந்துச்சே, கூகுள்ல வேல பாத்தவங்களே வெளிய வந்து ஆரம்பிச்சது, கூகுள முழுங்கப் போவுதுனு ஒரு வாரம் எல்லா பேப்பர்லயும் எழுதினாங்க. இப்பம் அது எங்க கெடக்குனு யாருக்காவது தெரியுமா? இதும் அந்த வகதான்னு நினைக்குதேன்.

கணக்கு போடும்ங்குற, கூகுள்லயே கால்குலேட்டர் இருக்கு அண்ணே. டாலர் ரூபா, மைல் கிலோமீட்டர் எல்லாம் அதுவும் மாத்திக் குடுக்குது. பெறவு இது எதுக்கு?

குலசேகரத்துல இன்னைக்கு ரப்பர் ஷீட்டு வில என்னனு கேட்டேன். புரியலனு சொல்லிட்டு. எங்க அப்பாவுக்கு அது ஒண்ணுதான் தெரியணும். சூரியன் எப்பம் உதிக்கும்னு அவருக்கு சேவலே சொல்லும்.


வேளிமலைக்காரன்
17 மே 2009, காலை 10:05

ரப்பர் வெலைக்கு பேப்பர் இருக்குல்லா மக்கா. இது கூகுளுக்கு போட்டினு அவங்களே சொல்லல. ஆனா கூகுள்காரனுக்கு ஒரு பயம் இருந்துருக்கும் போல, ஏப்ரல் 28ஆம் தேதி வுல்ஃப்ராம் ஹார்வர்டுல இத முதல்முதலா எல்லாருக்கும் காட்டினாரு, அதே நாளு பாத்து கூகுளும் வேலையில்லாதவங்க எண்ணிக்க, மக்கள்தொக இதெல்லாம் கிராஃபா காட்டுறோம்னு ஒரு அறிவிப்பு விட்டுது. தற்செயலா இருக்கும்னு நான் நம்பல.


பறக்கை_கணக்கு
17 மே 2009, மதியம் 1:30

பிளஸ் டூ கணக்கு வாத்தியார் பேசுறேன். வேளிமலை தம்பி சொன்னதும் போயி பாத்தேன்.

எக்ஸ் ஸ்கொயர் சைன் எக்ஸ், இத இன்டக்ரேட் பண்ணச் சொன்னேன். பசங்க பரீட்சையில தடுமாறுற வக, பை பார்ட்ஸ்ங்குற முறைய ரெண்டு தடவ போடணும். ரெண்டாந்தடவ மைனஸ் குறிய விட்டுட்டு போயிருவானுக. கண்ண மூடித் தொறக்குற நேரத்துல விடை வந்துட்டு. ரெண்டு எக்ஸ் சைன் எக்ஸ், மைனஸ், எக்ஸ் ஸ்கொயர்ல ரெண்டக் கழிச்சு அத காஸ் எக்ஸால பெருக்கினது. அது பெரிசில்ல, மேத்தமேட்டிக்காவே அத செய்யும். பக்கத்துல ஷோ ஸ்டெப்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கினா படிப்படியா எறங்கி வருது. இது யூன்னு வை, இது டீவீன்னு வை, மறுபடியும் அதே மாதிரி வைனு, நான் போர்டுல எழுதுற மாதிரியே. ஓசியா குடுக்கான்.

சரி, இனி நான் வீட்டுப்பாடம் குடுத்து என்ன பிரயோசனம்? நெட்டு இருக்குற வீட்டுப் பையன் அப்படியே பாத்து எழுதிட்டு வந்துருவான். மிச்ச பயலுக அவன் நோட்ட பாத்து எழுதுவானுக, அது எப்பவும் உள்ளதுதான்னு வச்சுக்கங்க. இன்னொரு பக்கம் பாத்தா, டியூஷனுக்கு அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ள ராத்திரி ஒரு கணக்குல மாட்டிக்கிட்டு இருந்தா அதுக்கு இது பக்கத்துல ஒரு வாத்தியாரு இருக்குற மாதிரி உதவும். ஆனா அந்த வீட்டுல கம்ப்யூட்டர் இருக்காது, பிரவுசிங் சென்டருக்கு மணிக்கூருக்கு இவ்வளவுனு குடுக்கணும். அங்கதான் எனக்கு ஒத்து வரமாட்டேங்குது.

இனிமே நான் விடைய குடுத்துட்டு, இந்தப் படியில ஏன் யூவுக்கு எக்ஸ் ஸ்கொயர எடுத்தோம், சைன் எக்ஸ எடுத்தா என்ன ஆவும்னு கேக்கலாம்னு இருக்கேன். அதுக்கு ஆல்ஃபா பதில் சொல்லாது, செய்யுறத மட்டும்தான் காட்டும். ஏன் செய்யுதுனு காட்டாது.


முப்பந்தல்_காத்தாடி
17 மே 2009, மாலை 4:18

> கூகுள்லயே கால்குலேட்டர் இருக்கு அண்ணே

மக்கா, ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்க வேலையில தெரிஞ்சுது. நான் ஆரல்வாய்மொழி பக்கம், கரண்டு எடுக்குற காத்தாடி மெயின்டனன்ஸ்ல இருக்கேன்.

காத்துல எவ்வளவு பவர் இருக்குனு ஒரு சூத்திரம். பாதி, பெருக்கல் காத்தோட அடர்த்தி, பெருக்கல் இறக்க சுத்துற வட்டத்தோட பரப்பு, பெருக்கல் வேகத்தோட மூணாம் அடுக்கு. அடர்த்தி 1.225 கிலோகிராம் ஒரு கன மீட்டருக்கு, இறக்க நீளம் 15 மீட்டர், காத்து செகண்டுக்கு 12 மீட்டர்னு யூனிட்டோட அப்படியே அடிச்சேன். 748 கிலோவாட்னு வந்துச்சு. அதோட நிக்கல, குதிரசக்தில எவ்வளவு, வேற யூனிட்ல எவ்வளவுனு கீழ வரிசையா போட்டிருக்கு. வேகத்த பாதியாக்கி 6 மீட்டர்னு போட்டா 93 புள்ளி 5 கிலோவாட், எட்டுல ஒண்ணு. ஆடி மாசம் கணவாய் காத்து அடிக்குறப்ப உள்ள கரண்டும் தை மாசம் உள்ள கரண்டும் ஏன் அப்படி ஏணி வச்சாலும் எட்டாத மாதிரி இருக்குனு புதுசா சேர்ற பசங்களுக்கு இத ஒண்ண காட்டினா போதும், நான் வாயால சொல்லி அலுத்துப் போச்சு.

இந்த 748 அப்படியே கெடைக்காது, அதுல அதிகபட்சம் 59 சதவீதம் சொச்சம்தான் எந்த காத்தாடியாலயும் எடுக்க முடியும், பெட்ஸ் லிமிட்னு சொல்லுவாங்க. அது 443 கிலோவாட் பக்கம் வரும். நெஜ மெஷின்ல இன்னும் குறையும்.

ஒரு எரிச்சல். பதில் எல்லாம் படமா வருது, எழுத்தா இல்ல. காப்பி பண்ணணும்னா படத்த அமுக்கி தனியா எழுத்தா எடுக்கணும். நெட்டு மெதுவா உள்ள இடத்துல ஒவ்வொரு பெட்டியா லோடு ஆகி வரும்.


மார்த்தாண்டம்_மக்கா
17 மே 2009, மாலை 6:02

சரி நானும் உக்காந்து பாத்தேன். கோவப்படாதீங்க, கேள்வி கேக்கது எனக்க கொணம்.

நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்னு கேட்டா 625 கிலோமீட்டர் பக்கம் சொல்லுது. ரயில்ல போனா எழுநூறுக்கு மேல. இது வானத்துல நேரா போற தூரம், காக்காவுக்கு உபயோகப்படும். கீழ இன்னும் எழுதிருக்கு, விமானத்துல எவ்வளவு நேரம், சத்தம் போனா எவ்வளவு நேரம், வெளிச்சம் போனா எவ்வளவு நேரம்னு. சத்தத்துக்கு அரை மணி நேரம். சென்னையில மந்திரி ஒரு வாக்குறுதி சொன்னா நமக்கு அரை மணி நேரத்துல கேக்கணும், இங்க அம்பது வருஷமா கேக்கல.

ஆனா ஒண்ணு பாத்து அசந்துட்டேன். நாகர்கோவில் கொழும்பு கேட்டேன். 300 பக்கம்தான் வருது. சென்னைக்கு உள்ளதுல பாதி கூட இல்ல. மேப்புல பாத்துருக்கோம், நம்பர்ல பாக்கும்போது ஒரு மாதிரி இருக்கு. எங்க பாட்டி காலத்துல எல்லாரும் கொழும்புக்கு சாமான் வாங்கப் போனோம்னு கத சொல்லுவா, நான் கத விடுதானு நினைப்பேன்.


ஈத்தாமொழி_துபாய்
17 மே 2009, இரவு 11:25

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரூம்ல நாங்க நாலு பேரு ராத்திரி பூரா இதயே நோண்டிட்டு இருக்கோம். இன்னைக்கு துபாய்ல பகல் 13 மணிக்கூர் 20 நிமிஷத்துக்கு மேல. ஊருல பன்னண்டரை. வெயில்ல நிக்குறவனுக்கு கணக்கு தெரிஞ்சு ஒண்ணும் கொறையாது.

ஊருல அண்ணன் ஒரு எடம் பாத்து வச்சிருக்கான், அஞ்சு சென்ட். சதுர அடி எவ்வளவுனு பாக்க அப்படியே 5 சென்ட்ஸ்னு அடிச்சேன். அமெரிக்கா காசுல அஞ்சு சென்ட்டு, அது நிக்கல் காசுனு சொல்லுது. எடம் வாங்க வந்தவனுக்கு சில்லறைய எண்ணி குடுக்கான்! நம்ம பக்கமும் கேரளாவுலயும் நெலம்னாலே சென்ட்டுதான், அந்த ஊருக்காரனுக்கு அது தெரியல. பெறவு ஒரு வழி கண்டுபிடிச்சோம், நூறு சென்ட்டு ஒரு ஏக்கர்தானே, 0.05 ஏக்கர்னு குடுத்தா 2178 சதுர அடினு சரியா சொல்லுது. எடம் வாங்குறவங்க அப்படி போடுங்க.

ரூம்ல ஒருத்தன் அவனுக்க பொண்டாட்டி பேரு மேரினு அடிச்சான். அமெரிக்காவுல எந்தெந்த வருஷம் எத்தன பிள்ளைகளுக்கு மேரினு பேரு வச்சாங்கனு கிராஃபே வருது. பழைய காலத்துல உச்சியில இருந்துருக்கு, அப்புறம் சரிஞ்சு சரிஞ்சு அடியில. நம்ம முட்டம், குளச்சல், தூத்தூர்ல எண்ணினா கிராஃபு நேரா நிக்கும்.


கோட்டாறு_அக்கா
18 மே 2009, காலை 7:50

நான் காலேஜ் லைப்ரரில இருக்கேன், அதனால எல்லாரும் பதில பாக்கும்போது நான் அடியில உள்ள சின்ன எழுத்ததான் மொதல்ல பாத்தேன்.

ஒவ்வொரு பதில் பக்கத்துக்கு கீழயும் சோர்ஸ் இன்ஃபர்மேஷன்னு ஒரு லிங்க் இருக்கு. தொறந்தா மேல என்ன எழுதிருக்கு தெரியுமா, முதன்மை ஆதாரம்: வுல்ஃப்ராம் ஆல்ஃபா, அவங்களே சேத்த விவரம், 2009. அதுக்குக் கீழ அமெரிக்கா உளவுத்துறை போடுற சிஐஏ ஃபேக்ட்புக்கு, அது இதுன்னு ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்ல எதுல இருந்து இந்த ஒரு எண்ண எடுத்தாங்கனு சொல்லல. ஒரு பிள்ளை புராஜெக்ட் எழுதிக் கொண்டு வந்து, ஆதாரம் நான்தான்னு போட்டா நான் ஒத்துக்குவேனா?

கூகுளாவது யாரு சொன்னாங்கனு காட்டிட்டு ஒதுங்கிக்குது. பத்துப் பக்கம் பத்து விதமா சொன்னா, அட இதுல ஏதோ குழப்பம் இருக்குனு படிக்குறவங்களுக்கு ஒரு சந்தேகமாவது வரும். இங்க ஒரே பதில், சுத்தமா பெட்டி போட்டு, படத்தோட வருது. பாத்தா சந்தேகமே வராது. பிள்ளைங்க அத அப்படியே வேதவாக்கா எடுத்துக்கும், எனக்கு பயம் அதுலதான். தப்பா சொல்லும்னு நான் சொல்லல. சரியா சொன்னாலும் சரினு நமக்கு சரி பாக்க வழி வேணும்.

சாப்பாட்டு விவரம் பாருங்க. பனானானு அடிச்சா ஒரு நடுத்தர பழத்துக்கு 105 கலோரி, பொட்டாசியம் இவ்வளவுனு டப்பாவுல ஒட்டுற லேபிள் மாதிரியே வருது. அது அமெரிக்கா விவசாயத் துறை அளந்து வச்ச கணக்கு, அங்க கடையில கிடைக்குற ஒரே வகை மஞ்சப் பழம். நம்ம வடசேரி சந்தையில மட்டி, பேயன், ரசகதலி, பாளையங்கோடன், செந்துளுவன், ஏத்தன்னு குலை குலையா தொங்குது. விரல் அளவு உள்ள மட்டிக்கும் ஒரு முழப் பழம் ஏத்தனுக்கும் ஒரே கணக்கா? சர்க்கரை வியாதிக்காரங்க இத பாத்து சாப்பிட்டா என்ன ஆகுறது. கிராம் கணக்குல குடுத்தா கொஞ்சம் பரவாயில்ல, அப்பவும் வகை வேறதான்.

கேள்வி தமிழ்ல கேக்க முடியாதுங்குறதையும் சேத்துக்கங்க. இங்கிலீஷ்லயும் அது எதிர்பாக்குற மாதிரி கேட்டாத்தான் புரியும்.


வேளிமலைக்காரன்
18 மே 2009, காலை 9:15

அக்கா சொன்னது நல்ல பாயின்ட்டு, ஆதாரம் விஷயத்துல எனக்கும் மனசு ஒப்பல. ஆனா நான் அத இப்படித்தான் பாக்குதேன், ரேஷன் கடை மாதிரி. ஸ்டாக்குல இருக்குறத அளந்து குடுக்கும், இல்லாதத கேட்டா இல்லனு சொல்லிரும். கூகுள் ஒருநாளும் இல்லனு சொல்லாது, எதையாவது தலையில கட்டும். தெரியாதத தெரியாதுனு சொல்லுற ஒரு சாமான நான் இன்டர்நெட்ல மொதல் தடவையா பாக்குதேன்.


மார்த்தாண்டம்_மக்கா
18 மே 2009, காலை 9:21

ரேஷன் கடையில அளந்து குடுக்கானா, அது எந்த ஊருல அண்ணே? அட்ரஸ் குடுங்க, கார்ட அங்க மாத்துதேன்.


ஒழுங்குபடுத்துநர்
18 மே 2009, காலை 10:30

எலெக்ஷன் ரிசல்ட்டு, தொகுதி பேரு மாறினது, யாரு எதுக்கு தோத்தாங்க இதெல்லாம் அரசியல் பகுதியில பேசுங்க. அதப் பத்தி இங்க வந்த எட்டு பதிவையும் அங்க மாத்தியாச்சு. இங்க ஆல்ஃபா மட்டும்.


கொளச்சல்காரன்
18 மே 2009, மாலை 3:47

நான் கொஞ்சம் வேற மாதிரி ஒண்ணு கேட்டேன். டிசம்பர் 26 2004 நிலநடுக்கம், சுனாமி வந்த அன்னைக்கு உள்ளது.

சுமத்ரா வடக்குப் பகுதியோட மேற்குக் கரைக்கு அப்பால, அளவு 9.1. உலக நேரப்படி ராத்திரி 12:58, நம்ம நேரத்துக்கு மாத்தினா காலையில 6:28. ஞாயித்துக்கிழம. எல்லாம் சரியா இருக்கு.

அந்த நேரத்துல எங்க தெருவுல பூசைக்கு கெளம்பிட்டு இருந்தாங்க. பாதி பேருக்கு கிறிஸ்மஸ் களைப்பு, இன்னும் எந்திரிக்கல. கடல் வந்தது அதுக்கும் எவ்வளவோ நேரம் கழிச்சு. அங்க பூமி ஆடினது 6:28க்குனு இப்பம் ஒரு வரியில வருது, அன்னைக்கு ஒருத்தரும் எங்களுக்கு சொல்லல. கொட்டில்பாட்டுலயும் கீழமணக்குடியிலயும் என்ன ஆச்சுனு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

கொளச்சலுக்கு அல எப்பம் வந்துச்சுனு கேட்டேன், அதுக்குத் தெரியல. குறையா சொல்லல. சும்மா பதிஞ்சு வைக்கேன்.


பறக்கை_கணக்கு
18 மே 2009, மாலை 5:20

கொளச்சல் தம்பி எழுதினத படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல.

அந்த இடைவெளி எதுக்கு இருந்துச்சுங்குறதுக்கு ஒரு கணக்கு உண்டு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கே புரியும். சுனாமி அலையோட வேகம், புவியீர்ப்பு முடுக்கத்த ஆழத்தால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வரும். ஆழ்கடல்ல 4000 மீட்டர்னு வையுங்க, 9.81 பெருக்கல் 4000, வர்க்கமூலம் செகண்டுக்கு 198 மீட்டர். ஆல்ஃபால மணிக்கூருக்கு கிலோமீட்டர்ல கேட்டா 713. ஜெட் விமானத்தோட வேகத்துக்கு பக்கத்துல. கரைக்கு வந்து ஆழம் 10 மீட்டர் ஆகும்போது அதே சூத்திரத்துல 36 கிலோமீட்டர்தான். முன்னால போற தண்ணி மெதுவாகுது, பின்னால வர்றது அதே வேகத்துல வந்து ஏறுது, அதனாலதான் அல உயருது.

அதாவது 713லயும் வந்து சேர நேரம் எடுத்துச்சு. அந்த நேரத்துக்குள்ள ஒரு போன் வந்துருந்தா. எச்சரிக்கை மையம் ஹைதராபாத்ல 2007ல தான் தொடங்கினாங்க, இப்பம் இருக்கு.

வர்ற ஜூன்ல இந்தக் கணக்க கிளாஸ்ல போடலாம்னு இருக்கேன். வர்க்கமூலம் எதுக்கு படிக்கணும்னு கேக்குற பயலுக்கு இது பதில்.


முப்பந்தல்_காத்தாடி
18 மே 2009, இரவு 9:10

பேச்சிப்பாற அணையில தண்ணி எத்தன அடினு கேட்டுப் பாத்தேன், தெரியல. பெருஞ்சாணியும் தெரியல. ஆனா அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் உள்ளதுக்கு எல்லாம் எவ்வளவோ வெவரம் வச்சிருக்கான். இங்க தண்ணி தொறந்து விடுற தேதிக்கு நாஞ்சில் நாடே காத்துக் கெடக்கு, நாத்து போடணும், அதுக்கு ஒரு வரி இல்ல. வேளிமலை அண்ணன் ரேஷன் கடைனு சொன்னாரு, நம்ம தெருவுக்கு ஸ்டாக்கே வரல.

வானிலையும் அப்படித்தான். நாகர்கோவில்னு கேட்டா பக்கத்து ஏர்போர்ட்டு ஸ்டேஷனத்தான் காட்டுது, அது திருவனந்தபுரம். அங்க மழ பெஞ்சா தோவாளையிலயும் பெய்யுமா? களியக்காவிளையில கொட்டுற அன்னைக்கு ஆரல்வாய்மொழியில தூசி பறக்கும்.


கோட்டாறு_அக்கா
19 மே 2009, காலை 8:05

> நம்ம தெருவுக்கு ஸ்டாக்கே வரல

அந்த ஸ்டாக்கு யாரு அனுப்பணும்? அவங்க ஷாம்பேன்ல உக்காந்துட்டு பேச்சிப்பாறைக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க. பேச்சிப்பாறை 48 அடியில எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடியில எவ்வளவு, சிற்றார் ஒண்ணு, சிற்றார் ரெண்டு, பொய்கை, இத்தனையும் தினமும் பேப்பர்ல வருது. பொதுப்பணித் துறைக்காரங்க தினமும் காலையில அளக்குறாங்க. அளவு இருக்கு. ஆனா எல்லாம் ஒரு இடத்துல, ஒரே வரிசையா, கம்ப்யூட்டர் படிக்குற மாதிரி எங்கயும் இல்ல. சாயங்காலம் அந்தப் பேப்பர்லதான் கடையில வடை மடிச்சுக் குடுக்காங்க. மட்டிப்பழத்துக்கும் இதே கததான், அளந்து வச்சது ஏதோ ஒரு காலேஜ் ஆய்வறிக்கையில பைண்டு பண்ணி அலமாரியில இருக்கும், அத எடுக்கணும்னா என்ன மாதிரி ஒருத்தி சாவி கொண்டு வரணும்.

அமெரிக்காவுக்கு விவரம் அதிகம் இருக்குறதுக்குக் காரணம் அவங்க பாரபட்சம் பாக்குறது மட்டும் இல்ல. அந்த ஊரு அரசாங்கம் நெலநடுக்கமோ வாழப்பழமோ பிள்ளைகளுக்கு வச்ச பேரோ எல்லாத்தையும் யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு வெளிய வச்சிருக்கு. நம்மகிட்ட சென்சஸ் ஒண்ணுதான் அப்படி கையில கிடைக்குது, நம்ம ஜில்லாவுக்கு 2001ல 16 லட்சத்து 76 ஆயிரம் பேருனு. அதுக்கே புது கணக்கு வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.

லைப்ரரில பழைய பேப்பர் பைண்டு பண்ணி வச்சிருக்கோம். லீவுல இருக்குற ரெண்டு மூணு பிள்ளைங்கள உக்கார வச்சு அணை நீர்மட்டத்த மட்டும் எக்செல்ல ஏத்தலாம்னு தோணுது. ஆல்ஃபாவுக்கு இல்ல, நமக்கே. யாராவது வர்றீங்களா?


முப்பந்தல்_காத்தாடி
19 மே 2009, காலை 8:40

நான் வாறேன் அக்கா, ஞாயித்துக்கிழம லீவு. காத்து வேகத்துக்கு நாங்க வைக்குற பட்டியல் மாதிரியே போடலாம். தேதி, அணை, அடி, உள்ள வர்ற தண்ணி, வெளிய போற தண்ணி. அடிய அடியாவே வையுங்க, மீட்டருக்கு மாத்த வேண்டாம், பெறவு சரி பாக்குறப்ப பேப்பரோட ஒத்துப் பாக்க முடியாம போயிரும்.


ஈத்தாமொழி_துபாய்
19 மே 2009, காலை 11:55

இங்க இருந்து டைப் பண்ணித் தர நாங்க ரெடி. பேப்பர போட்டோ எடுத்து மெயில்ல அனுப்புங்க. எங்க தோப்புக்கு அந்த அணையில இருந்து வர்ற சானல் தண்ணிதான், கடைசி வரைக்கும் வந்த வருஷம் எது வராத வருஷம் எதுனு அப்பாவும் பக்கத்து தோப்புக்காரரும் இன்னைக்கும் சண்ட போடுவாங்க.


மார்த்தாண்டம்_மக்கா
19 மே 2009, மதியம் 12:30

செரி நானும் சேந்துக்கிடுதேன், குலசேகரம் ரப்பர் வெலையையும் ஒரு ஓரத்துல ஏத்த விட்டா.

இன்னொரு விஷயம், ஆல்ஃபா பாக்குறவங்களுக்கும் எக்செல் போடப்போறவங்களுக்கும் சேத்து சொல்லுதேன். 5/6/2009னு தேதி குடுக்காதீங்க. ஜூன் அஞ்சுன்னு நாம நினைப்போம், அவன் மே ஆறுன்னு எடுத்துக்கிடுவான், அமெரிக்காகாரனுக்கு மாசம்தான் மொதல்ல. மாசம் நாள்னு வச்சுக்கிட்டேன், மாத்தணுமானு மேல சின்னதா கேட்டுருப்பான், அத யாரும் பாக்க மாட்டாங்க. மாசத்த எழுத்துலயே போடுங்க, ஜூன் 5 2009னு. பதிமூணாம் தேதில இருந்து பிரச்சின இல்ல, பதிமூணாவது மாசம் இல்லாததால.


கோட்டாறு_அக்கா
19 மே 2009, மதியம் 12:48

சரி, எழுத்துலயே போடுவோம். ரப்பருக்கு தனி ஷீட்டு. ஞாயித்துக்கிழம காலையில பத்து மணிக்கு வந்துருங்க, லைப்ரரி முன்வாசல் பூட்டிருக்கும், பின்பக்கமா வரணும்.